வெளிப்பூச்சுக்கு மட்டும்

முதல் தடவை டெட்டால், பெரிய பாட்டில்.
நாலு நாள் கழித்து, படர்தாமரைக்கென்று டிவியில் வரும் களிம்பு.
மூன்றாவதாகக் கூலிங் பவுடர்.
பணகுடி மெயின் ரோட்டில் பதினோரு வருசமாய்
மருந்துக்கடை வைத்திருப்பவளுக்கு
வாங்குகிற வரிசையே ஒரு வாக்குமூலம்.

ஆளைத் தெரியும், பெயர் தெரியாது.
காற்றாலைக் கம்பெனி பனியன், நகக்கண்ணில் கிரீஸ்.
எண்பது மீட்டர் ஏணி ஏறுகிறவர்
என் கடையின் இரண்டு படிகளைக்
காலை அகட்டி, ஒவ்வொன்றாக ஏறினார்.

ஆனி மாதம். கணவாய்க் காற்று
ஷட்டரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
இருமல் மருந்து வாங்கிய அம்மாள் போகும்வரை
பல் பிரஷ் அட்டைகளைப் படித்துக்கொண்டு நின்றார்.
"ஆம்பளையாள் யாரும் இல்லியாக்கா?"
இல்லை. நான்தான் கடை.
"ஒண்ணுமில்ல. ஒரு ஃபிரெண்டுக்கு."

சரி.
ஊரில் பாதி நோய் அந்த ஃபிரெண்டுக்குத்தான்.
மூலம், தேமல், தூக்கமின்மை,
பாவம், எல்லாம் அவர் ஒருத்தருக்கே.

"அவருக்கு என்ன செய்யுது?"
"அங்க வீங்கியிருக்கு. அரிப்பு. ஒண்ணுக்குப் போனா எரியுதாம்."
'அங்க' என்கையில் அவர் கை
தெற்கே, ஆரல்வாய்மொழிப் பக்கம் காட்டியது.

முன்தோல், என்றேன்.
மூக்கு, முழங்கை என்று சொல்கிற அதே குரலில்.
ஒன்றும் இடிந்து விழவில்லை.

உங்க ஃபிரெண்டுகிட்ட சொல்லுங்க:
டெட்டால் தரைக்கு.
அந்தத் தோல் கண்ணிமை மாதிரி;
வெதுவெதுன்னு வெறும் தண்ணி போதும், சோப்புகூட வேண்டாம்.
இடுப்பிலயும் தொடையிலயும் வாரு மாட்டி
நாளெல்லாம் வேர்வையில தொங்குறவரோ?
(அவர் தலை ஆடியது; ஃபிரெண்டு ஞாபகம் வந்து நின்றது.)
வீட்டுக்கு வந்ததும் கழுவி, ஒத்தியெடுத்து, உலர விடணும்.
வலிச்சா பலவந்தமா இழுக்கக் கூடாது.
பின்னால தள்ளிக் கழுவினா
மறக்காம முன்னால கொண்டுவந்திரணும்.
பின்னாலயே மாட்டிக்கிட்டு, வரமாட்டேன்னு வீங்கினா
விடியட்டும்னு படுக்கக் கூடாது,
அந்த ராத்திரியே ஹைகிரவுண்டுக்கு வண்டி பிடிக்கணும்.
ஒண்ணுக்கே வரலன்னாலும் அப்படித்தான்.

பிறகு, அந்தக் களிம்பு.
அதில ஸ்டீராய்டு கலந்திருக்கு.
ரெண்டு நாள் அடக்கும், பத்து நாள் வளக்கும்.
விற்றவள் நான். பில்லில் என் கையெழுத்து.
அவர் சொல்லிக் காட்டவில்லை.

"ராத்திரி எத்தன தடவ எந்திரிக்காரு?"
"நாலு. அஞ்சும் உண்டு."
அவர் தோள்பையில் இரண்டு லிட்டர் பாட்டில்,
மணி பதினொன்றுகூட ஆகவில்லை, காலி.

சுகர் பாக்கச் சொல்லுங்க.
பூஞ்சைக்கு இனிப்புன்னா உசிரு.
அதுவாத்தான் இருக்கும்னு நான் சொல்ல முடியாது;
சோப்பு, ஈரம், ஒவ்வாமை, வேற தொற்று,
எதுன்னு டாக்டர் பாத்துத்தான் சொல்லணும்.
வீட்டம்மாவுக்கும் அரிப்பு இருந்தா அவங்களும் காட்டட்டும்.
அதுக்காக யாரும் யாரையும் எடுத்தவுடனே சந்தேகப்பட வேண்டாம்.

அந்த இடத்தில்தான் உட்கார்ந்துவிட்டார்,
குளுக்கோஸ் பெட்டி மேல்.
"மூணு வாரமா வெளியதான் படுக்கான்க்கா," என்றார்.
"அவ வேற என்னமோ நெனைக்கா."

அன்று அவருக்கு எதையும் விற்கவில்லை.

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் சீட்டோடு வந்தார்.
வள்ளியூர் ஆஸ்பத்திரிச் சீட்டு.
சர்க்கரைக்கு மாத்திரை, பூஞ்சைக்குக் களிம்பு.
ம. சூசைரத்தினம், வயது 41.
"ஃபிரெண்டு பேரா?"
"எம் பேரு." சில்லறையை எண்ணினார்.
"அவனுக்கும் அதே பேருதான்."
இரண்டு படியையும் ஒரே எட்டில் இறங்கினார்.

பழைய களிம்பு இன்னும் அலமாரியில் பதினாறு டியூப்.
கேட்டு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம்
முதலில் ஃபிரெண்டைத்தான் விசாரிக்கிறேன்.